அவ சொன்னதைத்தான் குத்துனேன்

அந்தக் கட்டத்துல என் பேரை எழுதாதீங்க டீச்சர். நாகரத்தினம், வயசு அம்பத்திரண்டு, கண் பார்வை இல்ல, எல்லாம் சரிதான். அதுவரைக்கும் எழுதிக்குங்க. 'ஓட்டுப் போட உடன் வருபவர்'னு ஒரு கோடு போட்டிருக்கே, அதை மட்டும் சும்மா விட்டுடுங்க. போன தடவை நான்தான் போனேன். பழைய பேப்பர்ல என் கையெழுத்து இருக்கும், கமலவேணி, ஓரகத்தின்னு. அதுக்காக இந்தத் தடவையும் நானாத்தான் இருக்கணுமா?

உக்காருங்க, நின்னுக்கிட்டே எழுதுறீங்க. வெயில்ல ஓட்டர் லிஸ்டைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா ஏறி எறங்குற வேலை உங்களுக்கு. மோர் இருக்கு, உப்புப் போட்டுத் தரேன். ஏன் வேண்டாங்கிறேன்னா கேட்டீங்க? கேக்கலியா? கேட்ட மாதிரி இருந்துச்சு.

சொல்றேன். உள்ளூர்ல யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க இன்னிக்கு வந்துட்டு நாளைக்கு வேற தெருவுக்குப் போயிடுவீங்க.

ரத்தினம் என் கொழுந்தன் பொண்டாட்டி, பக்கத்து வீடு. கொழுந்தன் போய்ப் பதினாறு வருசம் ஆச்சு. அதுக்கு முன்னாடியே அவளுக்குக் கண்ணு போச்சு, முப்பத்தஞ்சு வயசுல. நரம்பு காஞ்சுபோச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. பொறவியிலேயே பார்வை இல்லாதவ இல்ல டீச்சர். எல்லாத்தையும் பாத்தவ. பச்சைன்னா அவளுக்கு உசிரு. இன்னிக்கும் பொடவ எடுக்கணும்னா, "அக்கா, நாத்து பாவுன பத்தாம் நாள் பச்சை இருக்கும்ல, அந்தப் பச்சை"ம்பா. அந்தப் பச்சைக்கு நான் எங்க போறது? கடையில இருக்கிறதுல எது கரை நல்லா இருக்கோ, எது சாயம் போகாதோ, அதை எடுத்துட்டு வந்து பச்சைன்னு சொல்லிடுவேன். அவளுக்குச் சந்தோசம். எனக்கும் அலைச்சல் இல்ல. இதுல என்ன தப்பு இருக்கு? நல்ல பொடவயாத்தானே எடுத்துக் குடுத்தேன்.

பதினேழு வருசமா அவளுக்கு நான்தான் கண்ணு. இதை ஊரே சொல்லும். ஆஸ்பத்திரி, ரேசன் கடை, கல்யாணம், சாவு, எங்க போனாலும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது நான்தான். ஒரே ஒரு எடத்துக்கு மட்டும் அவளாப் போவா. நம்ம தெருக்கொளம். வாசல்லேருந்து இத்தனை எட்டு, வேப்பமரம் தட்டுனா வலது பக்கம், அப்புறம் ஒம்பது படி. கொடத்தைக் கழுவுறது, துணி அலசுறது, குளிக்கிறது, எல்லாம் தனியாவே பண்ணிட்டு வந்துடுவா. பல நாள் வேம்பும் கூடப் போவா. ஆனா கையைப் பிடிக்க மாட்டா. பக்கத்துல பேசிக்கிட்டே நடப்பா, அவ்வளவுதான். எனக்கு அதைப் பாத்தா எரிச்சலா வரும். விழுந்து கிழுந்து வச்சா யாரு பாக்குறது?

வேம்பு யாருன்னு சொல்லலியே. தெருக் கடைசியில தையல் மிஷின் சத்தம் கேக்குதே, அந்த வீடு. புருசன் இல்ல. ஒரே பொண்ணு ஓசூர்ல வாக்கப்பட்டுப் போச்சு. ரத்தினத்துக்குக் கதைப் புஸ்தகம் படிச்சுக் காட்டுறது, வார பேப்பர் படிச்சுக் காட்டுறதெல்லாம் அவதான். சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் மிஷின் பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒரே சிரிப்பு. என்னடி அப்படிச் சிரிப்புன்னு கேட்டா சொல்ல மாட்டாளுங்க.

உள்ளாட்சி எலெக்‌ஷன் வந்துச்சுல்ல, அப்பதான் ஆரம்பம். நம்ம தெரு முழுக்க ஒரே வார்டு. மாரியம்மன் கோயில்ல கூட்டம் போட்டாங்க. கலியமூர்த்தியை நிறுத்துறதுன்னு முடிவாச்சு. எனக்குக் கொழுந்தன் முறை அது. ஒரே ஒரு வாக்குதான் குடுத்துச்சு. தெருக்கொளத்தை மண்ணடிச்சுத் தூத்து, அந்த எடத்துல சமுதாயக் கூடம் கட்டித் தரேன்னுச்சு. கொளம் பாசி புடிச்சுக் கெடக்கு, யாரு குளிக்கிறா இப்ப, எல்லார் வீட்டுலயும் கொழாய் வந்தாச்சுன்னுச்சு. எல்லாரும் சரின்னாங்க. முதல்ல சரின்னதே நான்தான்.

ஏன்னு கேளுங்க. எம் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு ஐப்பசி மழை. முகூர்த்தம் முடிஞ்சு பந்தி போட்டோம், பந்தல் பொத்துக்கிட்டு எலையில கொட்டுச்சு. சம்பந்தி வீட்டு சனம் எலையைக் கையில தூக்கிக்கிட்டு பள்ளிக்கூட வராந்தாவுக்கு ஓடுச்சு. மாப்பிள்ளையோட பெரியம்மா என்னைப் பாத்து, "ஒங்க ஊர்ல ஒரு கூடம்கூட இல்லியா"ன்னு கேட்டா. அந்த வார்த்தை இன்னும் காதுல இருக்கு டீச்சர். எனக்கு இன்னொரு பையன் இருக்கான். அவன் கல்யாணத்தையாவது நாலு செவுத்துக்குள்ள நடத்தணும்னு ஆசைப்பட்டேன். அது தப்பா?

தெருவே ஒண்ணா நிக்குது, போட்டியே இருக்காதுன்னு நெனச்சா, வேம்பு போய் மனு போட்டுட்டா. கொளத்தைத் தூர்க்கக் கூடாதுன்னு. கோயில்ல கூப்பிட்டுக் கேட்டாங்க. "எனக்கு யாரும் ஓட்டுப் போட வேண்டாம். ஆனா கொளம் வேணும்கிற பேரு ஒண்ணு அந்தத் தாள்ல அச்சாகி இருக்கணும்"னா. அப்படிப் பேசுறவள என்ன பண்ணுவீங்க? கலியமூர்த்தி ஒண்ணும் சண்டைக்குப் போகல. எல்லாருக்கும் முன்னாடி கற்பூரம் ஏத்தி, "நம்ம தெரு ஓட்டு ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது"ன்னு கேட்டுக்கிச்சு. எல்லாரும் அதைக் கையால அணைச்சு சத்தியம் பண்ணோம். ரத்தினம் அன்னிக்கு வரல. அவளுக்குக் காய்ச்சல்னு நான்தான் சொன்னேன். காய்ச்சல் இல்ல. அவ வந்தா எதாவது சொல்லிடுவாளோன்னு நான் கூப்பிடல.

கலியமூர்த்தி என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அண்ணி, ரத்தினத்தண்ணி ஓட்டு உங்க கையில"ன்னுச்சு. அவ்வளவுதான் சொன்னுச்சு. மெரட்டல, ஒண்ணும் இல்ல. நான், "அதுக்கென்ன தம்பி"ன்னுட்டேன்.

இன்னொண்ணு செஞ்சுச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை பழைய பேப்பரை வெட்டி எடுத்துட்டு வந்து, சீட்டை எப்படி மடிக்கணும்னு வீடு வீடாச் சொல்லிக் குடுத்துச்சு. குறுக்க மடிச்சா ஈர மை அடுத்த சின்னத்துல ஒட்டிக்கும், செல்லாத ஓட்டாயிடும், நீளவாக்குல மடிங்கன்னு. கெழடு கட்டையெல்லாம் ஒரு வாரம் பேப்பரை மடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. சிரிக்காதீங்க. அது பின்னால வரும்.

கலியமூர்த்திக்குப் பூட்டு சாவி. வேம்புக்குச் சீப்பு. வேம்பு யார் வீட்டுக்கும் ஓட்டுக் கேக்கப் போகல. ரத்தினத்துகிட்ட மட்டும் ஒரு மரச் சீப்பைக் கொண்டாந்து கையில குடுத்து, "இதான்டி என் சின்னம், தடவிப் பாத்துக்க"ன்னா. ஓட்டன்னிக்கு ரத்தினம் அந்தச் சீப்பைக் கையில இறுக்கிப் புடிச்சுக்கிட்டேதான் வந்தா. "எதுக்குடி அது, பாக்குறவங்க சிரிப்பாங்க"ன்னேன். "மறந்துடக் கூடாதுல்லக்கா"ன்னா. யாரு மறந்துடக் கூடாதுன்னு சொன்னா, அவளா நானான்னு இப்பதான் யோசிக்கிறேன்.

சாவடியில ஒரு தாள் நீட்டுனாங்க. துணைக்கு வந்தவங்க கையெழுத்துப் போடணும், அவங்க சொன்னபடி போடுறேன், யாருக்குப் போட்டேன்னு வெளிய சொல்ல மாட்டேன்னு. போட்டேன். நாலு சீட்டு குடுத்தாங்க. தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டுக்கு வெள்ளை. மூணு சீட்டையும் அவ சொன்ன சின்னத்துல குத்துனேன். சத்தியமா டீச்சர். மூணுலயும் அவ சொன்னதைத்தான் குத்துனேன்.

வெள்ளைச் சீட்டு. ரெண்டே பேரு. பூட்டு மேல, சீப்பு கீழ. ரத்தினம் எனக்குப் பின்னால நின்னு என் தோளைத் தொட்டுக்கிட்டு, "சீப்பு அக்கா"ன்னு மெதுவாச் சொன்னா. முத்திரைக் கட்டையைச் சீப்புகிட்டதான் கொண்டு போனேன். அப்ப ஒரு கணக்குத் தோணுச்சு. வேம்பு தனக்குத் தானே ஒண்ணு போட்டுக்குவா. அது ஒண்ணு. ரெண்டு விழுந்துச்சுன்னா, ரெண்டாவது யாருன்னு தெரு கேக்கும். யாரைக் கேக்கும்? கற்பூரம் அணைச்ச கை இது. ரத்தினத்தைக் கூட்டிட்டு வந்தவ நான். என்னையில்ல பாக்கும்? நாளைக்குப் பையன் கல்யாணத்துக்குக் கூடத்தைக் கேட்டா எந்த மூஞ்சியோட கேக்குறது?

பூட்டுல குத்திட்டேன். நீளவாக்குல மடிச்சேன். அவ கையிலேயே குடுத்துப் பெட்டியில போட வச்சேன். போட்டுட்டு வெளிய வந்து, "விழுந்துச்சாக்கா"ன்னு கேட்டா. விழுந்துச்சுன்னேன்.

ரெண்டு விழுந்தா என்னைக் காட்டும்னு நெனச்சேன் டீச்சர். ஒண்ணு விழுந்தா வேம்புக்கு ரத்தினத்தைக் காட்டும்னு தோணவே இல்ல.

எண்ணிக்கை ஒன்றிய ஆபீஸ்ல. நம்ம வார்டுல நூத்தி எம்பத்தேழு ஓட்டு. கலியமூர்த்தி நூத்தி எம்பத்தாறு, வேம்பு ஒண்ணு. செல்லாதது ஒண்ணுகூட இல்ல. எங்கயுமே அப்படி நடந்ததில்லன்னு அதிகாரியே சொன்னாராம். மடிக்கக் கத்துக்குடுத்ததோட பலன். வெடி போட்டாங்க. ராத்திரி வரைக்கும் மேளம். வேம்பு பேரு அன்னிலேருந்து 'ஒத்த ஓட்டு'. பொடவைக்கு ஓரம் அடிக்கக் குடுக்குறவங்ககூட, "ஒத்த ஓட்டு வீட்டுல குடுத்திருக்கேன்"பாங்க. நான் அப்படிச் சொன்னதில்ல. ஒரு தடவை சொல்லியிருக்கேன், மறந்தாப்புல வந்துடுச்சு.

மறுநாள் காலையில வேம்பு வந்தா. இதே எடத்துலதான் நின்னா. ரத்தினம் அந்தத் தூணோரமா உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தா. காலடிச் சத்தத்துலயே கண்டுபுடிச்சுட்டா. "வேம்பு, நெசமாவே ஒண்ணுதானா? ஏமாத்தியிருப்பானுங்கடி"ன்னா.

வேம்பு, "ஏமாத்தல. நான் மேசைக்குப் பக்கத்துல நின்னு ஒவ்வொரு சீட்டாப் பாத்தேன். நான் போட்டது வந்துச்சு. செல்லாததுன்னு ஒண்ணும் தள்ளல. இன்னொண்ணுக்காகக் கடைசிச் சீட்டு வரைக்கும் நின்னேன்"னா. கோவமாச் சொல்லல. "எனக்குப் போட வேண்டாம்னு நீ நெனச்சிருந்தா சொல்லியிருக்கலாம் ரத்தினம். நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன். சீப்பை வாங்கி ஏன் வச்சுக்கிட்ட?"

ரத்தினம் பூண்டை விட்டுட்டு எழுந்தா. "ஐயோ, நான் சீப்புன்னுதான்டி சொன்னேன். அக்கா, நீ சொல்லுக்கா, நீதானே குத்துன"ன்னா.

ரெண்டு பேரும் என் பக்கம் திரும்புனாங்க. ஒருத்தி பாக்குறா. இன்னொருத்தி பாக்காமப் பாக்குறா.

நான் சொன்னேன், "அவ சொன்னதைத்தான் குத்துனேன்"னு.

அவ்வளவுதான் சொன்னேன். பொய்யா உண்மையான்னு நீங்களே சொல்லுங்க. மூணு சீட்டுல உண்மை. ரத்தினத்துக்கு அது, சீப்புலதான் குத்துனேன்னு கேட்டுச்சு. "பாத்தியா, அக்காவே சொல்லுது"ன்னு மூஞ்சி மலந்து போச்சு. வேம்புக்கு அது வேற மாதிரி கேட்டுச்சு. ரத்தினம் பூட்டுன்னு சொல்லித்தான் இவ பூட்டுல குத்தியிருக்கான்னு. "சரி"ன்னா. போயிட்டா.

ரத்தினம் பூண்டுத் தோலைக் கையில வச்சுக்கிட்டு, "ஏங்க்கா போறா? இன்னும் நம்பலியா?"ன்னு கேட்டா. நான் அடுப்புல பால் பொங்குதுன்னு எழுந்து போயிட்டேன். அடுப்பே பத்த வைக்கல.

அப்பவே சொல்லியிருக்கலாம்ல? வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே, சட்டம்னு ஒண்ணு இருக்கேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதே தாள்ல அவ சொன்னபடி போடுறேன்னும்தானே எழுதியிருந்துச்சு? அதை ஏன் நெனக்கலன்னு கேக்காதீங்க. அதான் வெக்கமா இருக்கு.

அதுலேருந்து சாயங்காலம் மிஷின் பக்கத்துல சிரிப்புச் சத்தம் இல்ல. ரத்தினம் தனியாக் கொளத்துக்குப் போனா, தனியா வந்தா. அந்தப் பக்கம் போறப்ப வேம்பு வீட்டு வாசல்ல கொஞ்சம் நிப்பா. மிஷின் ஓடிக்கிட்டே இருக்கும். மனசு கேக்காம, பொங்கலுக்கு அவளுக்கு நல்லதா ஒரு பொடவ எடுக்கணும்னு டவுனுக்குப் போனேன். பச்சைதான் கேட்டா. பச்சையில இருந்ததெல்லாம் சாணி மாதிரி இருந்துச்சு. ஊதாவுல அகலக் கரை போட்டு ஒண்ணு, அவ நெறத்துக்கு எடுப்பா இருக்கும்னு எடுத்தேன். "நாத்துப் பச்சை"ன்னு சொல்லிக் குடுத்தேன். கன்னத்துல வச்சுப் பாத்துக்கிட்டா.

சனவரி இருவத்தாறு கிராம சபை. பள்ளிக்கூடத்துல. கொளத்தைத் தூத்துக் கூடம் கட்டுறதுக்குத் தீர்மானம். ரத்தினம் அந்தப் புதுப் பொடவையைக் கட்டிக்கிட்டு, "என்னையும் கூட்டிட்டுப் போக்கா"ன்னா. கடைசி வரிசையில உக்கார வச்சேன். ஒன்றியத்துலேருந்து ஒரு தம்பி வந்திருந்துச்சு, புதுசு, யாரையும் தெரியாது. ஆதரவுக்குக் கை தூக்கச் சொன்னுச்சு. எல்லாரும் தூக்குனோம். எதிர்ப்புக்குத் தூக்குங்கன்னுச்சு. முன்னால வேம்பு தூக்குனா. பின்னால, எனக்குப் பக்கத்துல, ரத்தினம் தூக்குனா.

"அக்கா, நல்லா மேல இருக்கா? வேம்புக்குத் தெரியுதா?"ன்னு கேட்டா.

அந்தத் தம்பி எட்டிப் பாத்து, "பின்னாடி ஊதாப் பொடவ அம்மா, எதிர்ப்புன்னுதான் கை தூக்குறீங்களா? கேள்வி புரிஞ்சுதா?"ன்னுச்சு. ரத்தினம் பேசாம இருந்தா. அவளைக் கேக்குறாங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தத் தம்பி மறுபடியும், "ஊதாப் பொடவ, உங்களத்தாம்மா"ன்னுச்சு. முன் வரிசையிலேருந்து யாரோ, "ரத்தினம் சித்தி, உன்னைத்தான் கேக்குறாரு"ன்னாங்க.

"நான் பச்சைல்ல கட்டியிருக்கேன்"னா ரத்தினம்.

நாலு பேரு சிரிச்சாங்க. கெட்ட எண்ணத்துல இல்ல, சிரிப்பு வந்துடுச்சு. ரத்தினம் தூக்குன கையை எறக்கல. இன்னொரு கையால முந்தானையைத் தடவுனா. தடவுனாத் தெரியவா போகுது? அப்புறம் என் பக்கம் திரும்புனா.

"பச்சை இல்லியாக்கா?"

நான் முந்தானையை இழுத்து அவ தோள்ல சரி பண்ணி விட்டேன்.

அப்புறம் கேட்டா, "அப்ப சீப்பு?"

ரெண்டே வார்த்தை. அத்தனை பேருக்கு நடுவுல எனக்கு மட்டும் கேக்குற மாதிரிதான் கேட்டா. பூமி பொளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு டீச்சர். அவ தோள்ல இருந்த கையை எடுத்துட்டேன். அதுவே அவளுக்குப் பதிலாப் போச்சு. எதிர்ப்பு ரெண்டுன்னு அந்தத் தம்பி எழுதிக்கிச்சு. வேம்பு திரும்பிப் பாத்தா. அவ கண்ணுக்கு ரத்தினத்தோட கை தெரிஞ்சுச்சு. ஆனா அந்த ரெண்டு வார்த்தை அவளுக்குக் கேக்கல. இன்னிக்கு வெளிச்சத்துல தூக்குறா, அன்னிக்கு மறைவுல குத்திட்டாளேன்னுதான் நெனச்சிருப்பா.

வீட்டுக்கு வந்ததும் ரத்தினம் ஒண்ணுதான் சொன்னா. "நான் சொன்னா வேம்பு நம்ப மாட்டா. நீ போய்ச் சொல்லு." திட்டல, அழல. பொடவையை மடிச்சு என் கட்டில்ல வச்சுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் என் கையைப் புடிக்கிறதில்ல. செவுத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்குறா.

ரெண்டு தடவை வேம்பு வீட்டு வாசல் வரைக்கும் போனேன். ஒரு தடவை ரவிக்கைத் துணியை எடுத்துக்கிட்டு, தைக்கக் குடுக்குற மாதிரி. மிஷின் சத்தம் நிக்கட்டும், சொல்லலாம்னு நின்னேன். சத்தம் நின்னுச்சு. திரும்பி வந்துட்டேன். அந்த ரவிக்கைத் துணி இன்னும் அப்படியே இருக்கு.

கொளத்துல பாதி தூத்தாச்சு. லாரி லாரியா மண்ணு. ஒம்பது படியில ரெண்டுதான் வெளிய தெரியுது. ரத்தினம் இப்பக் கொல்லையில வாளித் தண்ணியில குளிக்கிறா. போன வாரம் வேப்பமரத்தைத் தட்டிட்டு வலது பக்கம் திரும்பி, மண்ணுக் குமியில முட்டிக்கிட்டு நின்னா. நான் இங்கேருந்து பாத்தேன். ஓடலாம்னுதான் இருந்துச்சு. கூப்பிடாம எப்படி ஓடுறது? கூடம் வருது. பையனுக்கும் பொண்ணு பாத்தாச்சு. அந்தக் கூடத்துல நான் எப்படி நிப்பேன்னு தெரியல.

உங்ககிட்ட சொல்றதுக்கு இவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க. எழுவது எட்டு எடுத்து வச்சா வர்ற வீட்டுக்குப் போய்ச் சொல்ல முடியல. வேம்பு வீட்டுக்கும் நீங்க போகணும்ல? அங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. அதை நான்தான் சொல்லணும்.

சரி, உங்க வேலையை முடிங்க. உடன் வருபவர்ங்கிற எடத்துல 'யாரும் வேண்டாம்'னு எழுதிக்குங்க. ரத்தினம் இனிமே தனியாத்தான் போடுவா. தப்பா விழுந்தாலும் தன் கையாலயே விழட்டும்னு இருப்பா. ஆமாம், வேண்டாம்னே எழுதுங்க, அவளுக்கு அதான் நல்லது.

இருங்க டீச்சர். எழுதிட்டீங்களா?

அடிச்சுடுங்க. பாத்தீங்களா, கேள்வி அவளுக்கு, பதில் சொல்றது நானு. இவ்வளவையும் சொல்லிட்டு மறுபடியும் அதே கட்டையை எடுத்துக் குத்துறேன் பாருங்க.

பக்கத்து வீடுதான், கதவு தொறந்துதான் இருக்கும். நீங்களே போய் அவளைக் கேளுங்க.